ராட்டினத்தைச் சுற்றிய எஞ்சின்

எஸ்லிங்கன், 3 நவம்பர் 1907

அன்புள்ள ரோஸீனா அத்தைக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அப்பாவுக்குப் பிடிக்காததையும் எழுதுவேன், எனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன். ஒரு வார்த்தையும் கூட்ட மாட்டேன். எங்கள் வரலாற்று ஆசிரியை, பார்த்தவர்கள் எழுதாமல் விட்ட இடத்தில்தான் பார்க்காதவர்கள் வந்து எழுதிவிடுகிறார்கள் என்று சொல்வார். அதனால் இந்த வழக்கைப் பற்றி நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

முதல் உண்மை: இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். தபால்தலை டப்பாவை மேசைமேல் திறந்தபடி வைத்துவிட்டுக் கோழிகளுக்குத் தீனி போடப் போனார், வெகுநேரம் வரவில்லை. நீங்கள் பதில் எழுதினால் ரொட்டிக்கடை க்யூப்லர் அம்மாள் பெயருக்கு அனுப்புங்கள். வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். "வழக்கு ஆம்பளைங்களுக்குள்ளதானே, கடுதாசிக்கு என்ன வந்துச்சு" என்றார்.

நீங்களும் காட்லோப் மாமாவும் மாடியைக் காலி செய்து மான்ஹைமுக்குப் போய் நான்கு மாதமாகிறது. மாடிப்படி பெருக்கும் முறை யாருக்கு வருகிறதோ அவர் கதவில் மாட்டும் பலகை இப்போது எங்கள் கதவிலேயே தொங்குகிறது. போன சனிக்கிழமை அம்மா அதைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் உங்கள் கதவில் மாட்டினார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து பெருக்கினார். 

பட்டறையில் வேலை இல்லை. காற்று மடலை வாங்குவதாக இருந்த ஷ்டுட்கார்ட் கம்பெனிக்காரர், அது யாருடையது என்று பெர்லின் காப்புரிமை அலுவலகம் தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருப்பதாக எழுதிவிட்டார். அவரை நம்பித்தான் அப்பா வீட்டை அடகு வைத்துப் புது லேத் வாங்கினார். அந்த லேத்துக்கு இன்னும் பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

உங்கள் வீட்டில் எதற்குச் சண்டை என்று வகுப்பில் கேட்கிறார்கள். என் உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு தோல் மடலுக்கு என்றால் சிரிக்கிறார்கள். அப்புறம் நான் விளக்குவேன். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கொஞ்சம் காற்று போதும். வேகமெடுத்தால் அந்தக் காற்று போதாது, பெட்ரோல் மிஞ்சி மூச்சுத் திணறும். வேகத்துக்குத் தக்கபடி தானாகத் திறந்து தானாக மூடும் மடல் ஒன்று இருந்தால் திணறாது. அது வருவதற்கு முன்னால் எஞ்சின் தரும் மின்சாரத்தில் எரியும் நம் பட்டறை விளக்குகள் அதனோடு சேர்ந்து கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். வந்த பிறகு சிமிட்டவே இல்லை. இதைச் சொன்னால் சிரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் கேட்பதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

தான் செய்தது என்கிறார் அப்பா. தான் செய்தது, மச்சான் கொன்ராட் தன் பெயரில் எழுதிக்கொண்டான் என்று பெர்லினுக்கு எழுதியிருக்கிறார் மாமா. இரண்டு பேரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. தினமும் பட்டறைக்குக் காபி கொண்டுபோனவர் நீங்கள். யார் செய்தது, அத்தை?

உங்கள் அன்புள்ள,
ஒட்டிலி



மான்ஹைம், 14 நவம்பர் 1907

ஒட்டிலி,

இனி எழுதாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மையைத் தொட்டதும் வேறு ஏதோ வருகிறது.

இங்கே கயிறு திரிப்பவர் வீட்டுக்கு மேலே ஒரு அறை. நாள் முழுக்கச் சணல் தூசு. உன் மாமா ஒரு பெரிய பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறார். அவருடைய மேஸ்திரிக்கு மீசையே இப்போதுதான் வருகிறது. அவரை "பெரிசு" என்று கூப்பிடுகிறானாம். மாலையில் வருவார், கை கழுவுவார், உட்காருவார். வக்கீல் கடிதம் வந்த நாளில் சூப்பைத் தொட மாட்டார். வராத நாளில், ஏன் வரவில்லை என்று தொட மாட்டார்.

யார் செய்தது என்று கேட்கிறாய். நீயும் உன் அம்மாவும் கட்டிலுக்கு விரிப்புப் போடும்போது ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பீர்கள். போட்டு முடித்த பிறகு, இதை விரித்தது யார் என்று பெர்லினிலிருந்து ஒருவர் வந்து கேட்டால் நீ என்ன சொல்வாய்? அதைத்தான் நானும் சொல்வேன்.

உன் அப்பா செய்த தப்பு ஒன்று. காப்புரிமை விண்ணப்பத்தில் தன் பெயரை மட்டும் போட்டார். விஷயம் தெரிந்து உன் மாமா கேட்டபோது, "குடும்பத்துக்குள்ள எதுக்கு மச்சான் ரெண்டு பேரு" என்றார். அவர் மனதில் கபடம் இல்லை. கூடப்பிறந்தவள் எனக்குத் தெரியாதா. உன் மாமா அத்தோடு விட்டிருக்கலாம். "அப்ப எம் பேரப் போட்டிருக்க வேண்டியதுதானே" என்றார்.  பதில் இல்லாதபோது எங்கள் வீட்டு ஆண்கள் கதவைச் சாத்துவார்கள்.

இன்னொன்று. அந்த மடலுக்கு எந்தத் தோலும் சரிவரவில்லை. பூட்ஸ் தோல் விறைத்தது, பன்றித்தோல் பெட்ரோலில் ஊறிச் சுருண்டது. கடைசியில் என் கல்யாணக் கையுறையைக் கொடுத்தேன். ஆட்டுக்குட்டித் தோல், உன் அப்பா எனக்கு வாங்கித் தந்தது. இடது கையை அறுத்து மடல் செய்தார்கள். இப்போது இரண்டு வக்கீல்களும், பொருத்தமான தோலைக் கண்டறிந்தவர் எங்கள் கட்சிக்காரரே என்று எழுதுகிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். வலது கை பெட்டியில் சும்மா கிடக்கிறது.

படிப்பைப் பார். அம்மாவிடம் அந்தப் பலகையை ஆணியோடு பிடுங்கிப் போடச் சொல்.

ரோஸீனா



எஸ்லிங்கன், 8 டிசம்பர் 1907

அன்புள்ள அத்தை,

எழுதாதே என்று எழுதத் தொடங்கியவர் மூன்று பக்கம் எழுதியிருந்ததால் நானும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் வக்கீல் வந்தார். அம்மாவும் நானும் சமையலறையில் சோம்பு பிஸ்கட்டுக்கு அச்சு அழுத்திக்கொண்டிருந்தோம், கதவு திறந்திருந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. மாவைத் தட்டும்போது காதை மூடிக்கொள்ள முடியாது.

வக்கீல் நிறையக் கேள்வி கேட்டார். முதல் படம் எப்போது வரைந்தது, ஸ்பிரிங்கை யார் முறுக்கியது, இப்படி. அப்பா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்புறம் வக்கீல், தாளைப் புரட்டிக்கொண்டே, அதிகம் யோசிக்காமல் கேட்பதுபோலக் கேட்டார்: விண்ணப்பம் கொடுத்த ஜனவரிக்கு முன்னால் இதை வெளியாள் யாராவது பார்த்தார்களா?

"இல்ல" என்றார் அப்பா.

அம்மாவின் கை அச்சின் மேலேயே நின்றுவிட்டது. நான் திருவிழாவை நினைத்தேன்.

அத்தை, நான் பதிமூன்று வயதில் இருந்த போன வருட அக்டோபர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேவாலயத் திருவிழாவில் ராட்டினத்தைச் சுற்றும் குதிரைக்குக் கால் பிசகிவிட்டது. அப்பாவும் மாமாவும் எஞ்சினைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ராட்டினத்தோடு பெல்ட் மாட்டினார்கள். நான் ராட்டினத்திலிருந்த மர அன்னத்தின் மேல் உட்கார்ந்தேன். இறங்கிய பிறகு எஞ்சினைப் பார்க்க வரிசையில் நின்றேன். மடலை மறைக்கும் பித்தளை மூடி இருந்த இடத்தில் கண்ணாடி இருந்தது. உள்ளே வெள்ளையாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. "அது மூச்சு விடுது பாரு" என்று மாமா சொன்னார். அது உங்கள் கையுறை. அன்றைக்கு நீங்கள் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டு, மற்றக் கையைச் சால்வைக்குள் வைத்திருந்தீர்கள். பாதிரியாரின் மனைவி உங்கள் கை சுட்டுவிட்டதா என்று கேட்டார்.

வக்கீல் போன பிறகு நான் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ அப்ப சின்னப் பொண்ணு. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளி நூலகத்தில் கலைக்களஞ்சியத்தை எடுத்துக் 'காப்புரிமை' என்ற இடத்தைப் படித்தேன். எழுத்து மிகச் சிறியது. விண்ணப்பிப்பதற்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி பயன்படுத்தப்பட்ட ஒன்று புதியதாகக் கருதப்படாது என்று இருக்கிறது. மூன்று முறை படித்தேன், வேறு அர்த்தம் வருமா என்று.

எனக்குத் தப்பாக நினைவிருக்கிறதா? அப்படிச் சொன்னால் நம்பிவிடுவேன்.

ஒட்டிலி



மான்ஹைம், 15 டிசம்பர் 1907

ஒட்டிலிக் கண்ணு,

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. நீ போட மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

உனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறது.

அன்றைக்கு ராட்டினக்கார ஸெய்போல்ட் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் குதிரைகள்மேல் ஏறி உட்கார்ந்து, சுற்றாத ராட்டினத்தைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தன. அந்த இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து போனார்கள். எஞ்சின் ராட்டினத்தைச் சுற்றியது. நிறையப் பேர் ஏறினாலும் சரி, எல்லாரும் இறங்கினாலும் சரி, ஒரே சீராக ஓடியது. ஊர் முழுக்கக் கூடி நின்றது. ஒழுங்காக ஓடுகிற எஞ்சினை மூடி வைக்க எஞ்சின்காரனால் முடியாது, கண்ணு. பெற்ற பிள்ளையைத் துணி போட்டு மூடி ஊர்வலம் கொண்டுபோகச் சொன்னால் யார் கேட்பார்கள். "ரோஸீனா, ஒரு கண்ணாடி கொண்டா" என்று குரல் வந்தது. நான் வீட்டுக்கு ஓடி வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியின் கண்ணாடி மூடியை எடுத்து வந்தேன். கூப்பிட்ட குரல் எவருடையது என்று இன்று நினைத்துப் பார்த்தால் தெரியவில்லை. ஊறுகாய் மட்டும் கெட்டுப்போனது தெரியும்.

அன்று இரவு இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்கள். காப்புரிமை என்கிற நினைப்பே அப்போது யாருக்கும் இல்லை. அது ஜனவரியில் வந்தது. பிரிவு அதன் பின்னாலேயே வந்தது.

இதைச் சொன்னால் உன் அப்பாவின் உரிமை போகும். உன் மாமா கேட்பதும் அதே உரிமைதான், அதுவும் போகும். எவன் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். உன் மாமா இதைத் தன் வக்கீலிடம் சொல்லவில்லை. உன் அப்பாவும் சொல்லவில்லை. ஏழு மாதமாக ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொல்லாதவர்கள், இந்த ஒன்றில் மட்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல இருக்கிறார்கள். சில சமயம் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்தால் உன் மாமா என்ன என்று கேட்பார், அதனால் எழுந்து போய் ஜன்னலைத் துடைக்கிறேன்.

நீ மறந்துவிடு. உன் அப்பாவின் வீடு அதில் இருக்கிறது. நான் பிறந்த வீடும் அதுதான். ஒரு பெரியவள் குழந்தையிடம் இப்படிக் கேட்கக் கூடாது என்று தெரிந்துதான் கேட்கிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. உங்கள் வீட்டு பிஸ்கட் இரண்டை க்யூப்லர் அம்மாளிடம் கொடுத்து அனுப்பு, சோம்பு கூடப் போட்டது.

அத்தை



எஸ்லிங்கன், 6 ஜனவரி 1908

அன்புள்ள அத்தை,

பிஸ்கட் வந்திருக்கும். சில உடைந்திருக்கலாம்.

மறக்க முயன்றேன். அதையும் உண்மையாகவே எழுதுகிறேன். ஒரு வாரம் திருவிழாவைப் பற்றி நினைக்கவே இல்லை. அதற்குள் அது என்னைத் தேடி வந்துவிட்டது.

போன வருடம் ஜனவரியில், விண்ணப்பத்தோடு அனுப்புவதற்காக அப்பாவின் படங்களைச் சுத்தப் பிரதி எடுத்தவள் நான். எழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார். அதனால் வக்கீல் என்னையும் சாட்சிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். பெர்லினுக்குப் போக வேண்டியதில்லை. இங்கே ஊர் நீதிமன்றத்திலேயே கேட்டு எழுதி அனுப்புவார்களாம். இருபத்திரண்டாம் தேதி. எனக்கு வயது போதாததால் சத்தியம் செய்ய வேண்டாமாம். அதைக் கேட்டதும் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு இல்லை. சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

நேற்று அப்பா என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். எஞ்சின்மேல் கித்தான் போர்த்தியிருக்கிறது. லேத்துமேலும். குளிராக இருந்தது, அடுப்பு மூட்டவில்லை. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் ஒரு திருகாணியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"உன்னப் பொய் சொல்லச் சொல்லலம்மா" என்றார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. படம் வரைஞ்சது யாருன்னு கேப்பாங்க. அப்பான்னு சொல்லு. அது நெசந்தானே?"

"நெசந்தான்பா. முதல்ல எப்பப் பாத்தேன்னு கேட்டா?"

அவர் திருகாணியைப் பார்த்துக்கொண்டே, "கேக்க மாட்டாங்க" என்றார். பிறகு, "கேக்காம இருக்கணும்" என்றார்.

அத்தை, அவருடைய கோட்டின் கழுத்துப் பட்டை வெளியே மடிந்திருந்தது. நான் சரிசெய்யவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகு அதற்காக அழுதேன்.

நீங்கள் மறக்கச் சொன்னீர்கள். அப்பா கேட்டதற்கு மட்டும் சொல்லச் சொல்கிறார். அம்மா எதுவும் சொல்லாமல் மாடிப்படியைப் பெருக்குகிறார். கேட்டால் நான் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. மாமாவுக்கு இது தெரியுமா?

ஒட்டிலி



மான்ஹைம், 12 ஜனவரி 1908

ஒட்டிலி,

மாமாவுக்குத் தெரியும். நான் உன் கடிதங்களை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவர் உப்பு தேடினார்.

சத்தம் போடுவார் என்று நின்றேன். எல்லாக் கடிதங்களையும் மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீ திருவிழாவைப் பற்றி எழுதிய இடத்தை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பாதிரியார் பெண்டாட்டி வந்த இடத்தில் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

அப்புறம், "மூடியக் கழட்டினது நான்தான் ரோஸீனா. கொன்ராட் பேசாமத்தான் நின்னான்" என்றார்.

நான் கடிதத்தை மடித்தேன்.

"அந்தப் பொண்ணு பாத்ததச் சொல்லட்டும்னு எழுது. எனக்குத் தூக்கம் வந்தாப் போதும்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இது உன் மாமாவின் அனுமதி, உன் அப்பாவுடையது இல்லை. அதை என்னால் வாங்கித் தர முடியாது. நான் மறந்துவிடு என்று சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அன்று குளிரும். கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு போ.

அத்தை



எஸ்லிங்கன், 23 ஜனவரி 1908

அன்புள்ள அத்தை,

சொல்லிவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். அறையில் நீதிபதி, ஒரு எழுத்தர், இரண்டு பக்க வக்கீல்கள், அப்பா. அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். இம்முறை கிளம்பும்போதே கழுத்துப் பட்டையைச் சரிசெய்துவிட்டேன். படங்களைக் காட்டி யார் வரைந்தது என்று கேட்டார்கள். அப்பா என்றேன். பிரதி எடுத்தது யார் என்றார்கள். நான் என்றேன். மாமாவின் வக்கீல் எதுவும் கேட்கவில்லை, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நீதிபதி நல்லவர். எனக்குப் பேச்சுக் கொடுப்பதுபோலத்தான் கேட்டார்:

"இவ்வளவு கஷ்டமான படத்தை எப்படிம்மா புரிஞ்சு எழுதினே?"

"படத்தப் பாக்கறதுக்கு முன்னாடியே அதப் பாத்திருக்கேங்க" என்றேன்.

"எப்ப?"

கேட்டுவிட்டார். நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரியும். "அதுக்கு முந்தின அக்டோபர்ல, திருவிழாவுல. ராட்டினத்துக்கிட்ட. கண்ணாடி வழியா" என்றேன். 

எழுத்தரின் பேனா நின்றது. நான் மேலே சொல்லட்டும் என்று நிற்கவில்லை, அவரே தலையை நிமிர்த்தினார். "ஆமாங்கய்யா, நானும் பாத்தேன்" என்றார். "நானும் எம் பொண்டாட்டியும் அன்னத்து மேல உக்காந்து சுத்தினோம். எறங்கி வந்து பாத்தா உள்ள என்னமோ வெள்ளையாத் துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஊறுகா வாசம் வேற."

"உங்கள யாரும் கேக்கல" என்றார் நீதிபதி.

"இல்லீங்க. எழுதிக்கவா வேண்டாமான்னுதான்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு நீதிபதி, "எனக்கும் ஞாபகம் வருது. எம் பேரன் எறங்க மாட்டேன்னு அழுதான்" என்றார். மெதுவாக, தனக்கே சொல்வதுபோல. ஊரில் பார்க்காதவர்களே இல்லை, அத்தை. எல்லோரும் அதை ராட்டினமாகத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அதனால்தான் இத்தனை நாள் யாரும் அதைச் சொல்லவில்லை.

மாமாவின் வக்கீல் தாள்களை எல்லாம் சேர்த்து அடுக்கத் தொடங்கினார். அப்பாவின் வக்கீல், இதற்கு அர்த்தம் தெரிகிறதா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தெரியும் என்றார்.

 திரும்பும்போது அப்பா க்யூப்லர் கடையில் இரண்டு ப்ரெட்ஸல் ரொட்டி வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார். பாலத்தின் நடுவில் நின்று தின்றோம். நெக்கர் ஆற்றில் ஓரமெல்லாம் பனிக்கட்டி. நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். ஆனால் செய்ததற்கு வருந்தவில்லை என்றால் கேட்பது பொய்யாகும். வருந்துகிறேனா என்று தெரியவில்லை. அதனால் பேசாமல் தின்றேன்.

அப்பாதான் பேசினார். "அந்த மூடிய நான்தான் கழட்டினேன். உங்க மாமா வேணாம்னுதான் நின்னான்."

மாமாவும் இதையே தன்மேல் போட்டுக்கொண்டார் என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லாமலிருந்தது எனக்கு உறுத்துகிறது. ஆகவே அன்று மாலை எல்லாக் கடிதங்களையும் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்துவிட்டேன். காலையில் அவை என் புத்தகப் பைக்கு அருகில் இருந்தன, நூலால் கட்டி. நூலைக் கட்டியவர் அப்பா. அவருடைய முடிச்சு எனக்குத் தெரியும்.

ஒட்டிலி



மான்ஹைம், 5 பிப்ரவரி 1908

ஒட்டிலி,

பெர்லினிலிருந்து தீர்ப்பு இங்கேயும் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் இல்லை.

மாமா அதைப் படித்தார், மடித்தார், படுத்தார். மறுநாள் நான் எழுப்பும்வரை தூங்கினார்.

சனிக்கிழமை காலை முதல் ரயிலில் அங்கே வருகிறார். தன் ஸ்பானர்கள் சில அந்தப் பட்டறையில் இருக்கின்றனவாம். அவற்றைத்தான் எடுக்க வருகிறாராம். இங்கே ஸ்பானருக்குப் பஞ்சம் இல்லை. அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்.

அத்தை



எஸ்லிங்கன், 8 பிப்ரவரி 1908

அன்புள்ள அத்தை,

மாமா இந்நேரம் ரயிலில் இருப்பார். அவர் வீடு சேர்ந்து உங்களிடம் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன்.

காலையில் நான் கதவைத் திறந்தபோது மாமா வாசலில் நின்று எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை இல்லை, பலகையை. மெலிந்துவிட்டார். "இது எப்பலேர்ந்து இங்கயே தொங்குது?" என்றார். ஜூலையிலிருந்து என்றேன். கோட்டைக் கூடக் கழற்றாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், மேல்படியிலிருந்து கீழ்வரை பெருக்கிக்கொண்டே வந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தார். "மூலையெல்லாம் விட்டுட்டீங்கண்ணே" என்றார். மாமா மறுபடி மேலே போனார்.

பட்டறையில் அப்பா எஞ்சினின் கித்தானை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த எஞ்சினை ராட்டினக்கார ஸெய்போல்ட் எடுத்துக்கொள்கிறார். வேறு யாருக்கும் வேண்டாம். அப்பா மார்ச்சிலிருந்து ஷ்டுட்கார்ட் கம்பெனியில் வேலைக்குப் போகிறார். அவர்கள் காற்று மடலைத் தாங்களே செய்யத் தொடங்கிவிட்டார்கள், அதில் தேர்ந்த ஆள் தேவைப்படுகிறதாம். இதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. லேத் போய்விட்டது. வீட்டில் கீழ்ப் பகுதி மட்டும் நமக்கு, மாடிக்கு ஒரு சைக்கிள்கடைக்காரர் வருகிறார்.

இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை. மாமா போய் எஞ்சினின் மறுபக்கம் நின்றார். அப்பா ஒரு திருகைக் கழற்றினார், மாமா அடுத்ததைக் கழற்றினார். ஸெய்போல்டுக்குக் கொடுப்பதற்குள் எண்ணெய் மாற்றி, புது மடல் வைத்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. நான் துணி பிடித்துக்கொண்டு நின்றேன். பித்தளை மூடி வந்ததும் இருவர் கையும் நின்றது.

"அன்னிக்கு இதக் கழட்டினது நான்தான்" என்றார் அப்பா.

"உனக்கு என்ன ஞாபகம் மச்சான். ஸ்பானர் எங்கிட்ட இருந்துச்சு."

"ஆமா, எல்லாம் உங்கிட்டதான் இருந்துச்சு."

 அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆறிப்போன பிறகு குடித்தார்கள். அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் நான் பார்த்ததில் அப்படி எதுவும் இல்லை. ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் இரண்டு தடவை பேசினார்கள். இறுக்கமாக இருக்கிறது என்றார் மாமா. அப்பா தளர்த்தினார்.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு விளக்குகளைப் போட்டார்கள். ஒன்றுகூடச் சிமிட்டவில்லை. அந்த வெளிச்சத்தில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. வயதாகிவிட்டது, அத்தை, இரண்டு பேருக்கும். கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடுவதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள். இம்முறை பித்தளை மூடி அதன் இடத்திலேயே இருந்தது.

அப்பா கழற்றிய பழைய மடலைத் துணியால் துடைத்து என்னிடம் கொடுத்தார். "உங்க அத்தைக்கு அனுப்பு. அவளோடது" என்றார். கேட்டுக்கொண்டிருந்த மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். அவரிடமே கொடுத்தனுப்பியிருக்கலாம், ஆனால் அப்பா என்னிடம் கொடுத்ததால் இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். பெட்ரோல் வாசனை போகாது. ஓரத்தில் இன்னும் தையல் தெரிகிறது, கட்டைவிரல் இருந்த இடம்.

மாமா ஸ்பானர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

எஞ்சினை நிறுத்துவதற்கு முன்னால் விளக்கை அணைப்பது நம் பட்டறை வழக்கம். சுவிட்சுக்குப் பக்கத்தில் அப்பாவும் நின்றார், மாமாவும் நின்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டார், நான் திரும்பினேன். எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் அது யாருடைய கை என்று நான் பார்க்கவில்லை. விளக்குகள் அணைக்கப்பட்டன.

ஒட்டிலி